பாங்க் வெட்டின காசைத் திரும்ப எடுக்கேலுமோ? – வாசகர் கேள்வி பதில்

போன முறை சேமிப்புக் கணக்கில வருசா வருசம் வெட்டுற பாங்க் காட்டுக்கான காசு பற்றி ஒரு வாசகிக்கு ரெண்டு வரியில பதில் எழுதியிருந்தன். அதுக்குப் பிறகு வந்த கடிதம், வட்ஸப் குரல் பதிவு எல்லாம் இதே விசயம்தான், விசுவமடுவில இருந்து, கண்டாவளையில இருந்து, புதுக்குடியிருப்பில இருந்து, லண்டனில இருக்கிற எங்கட பிள்ளையளிட்ட இருந்தும். அதால இந்த முறை மற்றக் கேள்வியளை ஒதுக்கி வைச்சிட்டு இதை மட்டும் எடுக்கிறன். நான் சட்டத்தரணி இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில 22 வருசம் கணக்கு எழுதின ஆள், ஒரு ரூபாய் எங்க போனதெண்டு தெரியாட்டில் நித்திரை வராத பழக்கம் அங்க வந்தது. தெரிஞ்சதைச் சொல்லுறன்.

கேள்வி: அக்கா, என்ர மகன் லண்டன் ஈஸ்ட்ஹாமில இருக்கிறான், கடையொண்டில இரவு வேலை. சம்பளம் ரெண்டு நாள் பிந்தினால் வாடகைக் காசு கணக்கில இருந்து போகாது, உடன பாங்க் அதுக்கொரு தண்டம் வெட்டும், அந்தத் தண்டத்தால அடுத்த கரண்ட் பில்லும் போகாது, அதுக்கும் ஒண்டு வெட்டும். 2014ல இருந்து கூட்டிப்பார்த்தால் கிட்டத்தட்ட 1,300 பவுண் போயிருக்காம். கூட்டாளி ஒருத்தன் ஒரு கடிதம் குடுத்திருக்கிறான், பேரை மட்டும் மாத்தி பாங்குக்கு அனுப்பிப்போட்டு சின்னக் கோட்டில வழக்குப் போட்டால் முழுக்காசும் வட்டியோட வருமெண்டு சொல்லுறானாம். உண்மையோ? பிள்ளை ஏதும் பிரச்சினையில மாட்டிடுவானோ?
– ஒரு அம்மா, விசுவமடு

பதில்: அம்மா, பிள்ளை பிரச்சினையில மாட்டமாட்டான், முதல்ல அந்தப் பயத்தை விடுங்கோ. ஆனா அந்தக் கடிதத்தை அப்பிடியே அனுப்பவேண்டாம் எண்டு இண்டைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கோ. கூட்டாளி பொய் சொல்லேல்ல, அவன்ர கையில இருக்கிறது பழைய கடிதம், அதுதான் சிக்கல்.

கதை இப்பிடி. 2005, 2006, 2007 அந்தக் காலத்தில இங்கிலாந்தில கணக்கில காசில்லாமல் ஒரு கட்டணம் (வாடகை, பில் மாதிரிக் கணக்கில இருந்து கட்டுப்படுறது) திரும்பினால் பாங்குகள் ஒருக்காலுக்கு 30, 35, சில இடத்தில 39 பவுண் எண்டு வெட்டினவை. ஒரு கம்பியூட்டர் தானா அனுப்புற மெசேஜுக்கும் ஒரு கடிதத்துக்கும் 35 பவுணோ எண்டு சனம் கேக்கத் தொடங்கிச்சுது. அந்த நாட்டுச் சட்டத்தில அப்ப ஒரு பழைய கொள்கை இருந்தது, 1915ல டன்லொப் டயர் கொம்பனி வழக்கில தெளிவாச் சொன்னது: ஒப்பந்தத்தை மீறினவனிட்ட உண்மையா வரக்கூடிய நட்டத்துக்குப் பொருத்தமான காசைத்தான் கேக்கலாம், பயமுறுத்துறதுக்கெண்டு தண்டமா எழுதி வைச்சிருந்தால் அது செல்லாது. அதைப் பிடிச்சுக்கொண்டு ஆயிரக்கணக்கான சனம் கடிதம் எழுதி, 6 வருசத்து ஸ்டேட்மென்றை எடுத்து ஒவ்வொரு வெட்டையும் கூட்டி, சின்னத் தொகைக் காசு வழக்குகளுக்கெண்டு கோட்டில இருக்கிற சின்ன வழக்குப் பிரிவில போட்டினம். பாங்குகள் அதிகமா வழக்கு நாளுக்கு முதலே காசைக் குடுத்து முடிச்சிட்டினம், ஏனெண்டால் கோட்டில ஏறினால் "ஒரு கட்டணம் திரும்பினால் உங்களுக்கு உண்மையில எவ்வளவு செலவு" எண்ட கேள்விக்கு எல்லாருக்கும் முன்னால பதில் சொல்லவேணும். 2006 ஏப்ரலில அந்த நாட்டு நியாய வர்த்தக அலுவலகம் கிறெடிற் காட்டுக்கு இப்பிடியான தண்டம் 12 பவுணுக்கு மேல போனால் நியாயமில்லையெண்டுதான் தாங்கள் எடுப்பம் எண்டு அறிவிச்சது, அதால சனத்துக்கு இன்னும் தைரியம் வந்தது. உங்கட மகன்ர கூட்டாளி வைச்சிருக்கிற கடிதம் அந்தக் காலத்தில பிறந்தது அம்மா.

பிறகு 2007 யூலையில அந்த அலுவலகமும் எட்டு நிதி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பரீட்சை வழக்குப் போட்டினம், மற்ற வழக்குகள் எல்லாம் அது முடியுமட்டும் கிடப்பில. கீழ் ரெண்டு கோட்டிலயும் இந்த வெட்டுகள் நியாயமோ இல்லையோ எண்டு பார்க்கிற அதிகாரம் அலுவலகத்துக்கு இருக்கெண்டு தீர்ப்பு வந்தது, சனம் வெண்டதெண்டு நினைச்சிது. ஆனா 2009 நவம்பர் 25, அந்த வருசம் ஒக்டோபரிலதான் திறந்த அவையின்ட உச்ச நீதிமன்றம் ஐஞ்சு நீதவான்களும் ஒரே குரலில மாத்திச் சொல்லிப்போட்டினம். அவை சொன்னது, இந்த வெட்டுகள் கணக்கு வைச்சிருக்கிறதுக்கு பாங்க் எடுக்கிற விலையின்ட ஒரு பங்கு, விலை கூடவோ குறையவோ எண்டு, நுகர்வோர் ஒப்பந்தத்தில அநியாய நிபந்தனை போடுறதைத் தடுக்கிற விதியை வைச்சு அளக்கேலாது எண்டது. இதை ஒருக்கா நிதானமாப் பாருங்கோ, வெட்டு நியாயமெண்டு அவை சொல்லேல்ல, நாங்கள் அதைத் தீர்க்கேல்ல எண்டு தீர்ப்பிலயே சொல்லியிருக்கினம். எனக்கு இப்பவும் அந்தத் தீர்ப்பு மனசுக்கு ஒத்துவராது, காசில்லாதவனிட்ட இருந்து எடுத்துக் காசிருக்கிறவனுக்கு இலவசக் கணக்கு நடத்துறதை விலையெண்டு சொன்னால் அந்த விலையை ஆர் கட்டுறது எண்டு ஆராவது கேக்கத்தானே வேணும். ஆனா என்ர மனசு வேற, கோடு வேற. "வெட்டு பெரிசு, அதால அநியாயம்" எண்ட ஒரே காரணத்தோட இப்ப வழக்குப் போட்டால் பாங்கின்ட சட்டத்தரணி அந்தத் தீர்ப்பை எடுத்து வைப்பார், பிள்ளை கட்டின கோட்டுக் காசும் போகும்.

அப்ப ஒண்டும் செய்யேலாதோ? செய்யலாம். வழி வேற.

முதல்ல, மகன் பாங்கிட்ட தன்ர தரவு முழுக்கக் கேக்கவேணும். அங்கத்தைச் சட்டத்தில அது அவன்ர உரிமை, காசு கட்டத்தேவையில்லை, ஒரு மாசத்துக்குள்ள குடுக்கவேணும். வந்த உடன ஒரு கொப்பியை எடுத்து திகதி, எவ்வளவு, என்ன காரணம் எண்டு மூண்டு கோடு கீறி ஒவ்வொண்டா எழுதச்சொல்லுங்கோ, கம்பியூட்டரில செய்தாலும் சரி, ஆனா ஒவ்வொண்டையும் தன்ர கண்ணால பார்க்கவேணும். 1,300 எண்டு மொத்தமாச் சொல்லுறதுக்கும் "இந்த மாசம் சம்பளம் 3ம் திகதி வந்தது, வாடகை 1ம் திகதி திரும்பினது, 2ம் திகதி வெட்டினீங்கள், அந்த வெட்டாலதான் 4ம் திகதி கரண்ட் பில் திரும்பினது, அதுக்கும் வெட்டினீங்கள்" எண்டு சொல்லுறதுக்கும் இடையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த அடுக்கடுக்கான வெட்டுத்தான் உங்கட பிள்ளையின்ட பலம் அம்மா. காசுக் கஷ்டத்தில இருக்கிற வாடிக்கையாளரைப் பாங்க் நியாயமா நடத்தவேணுமெண்டு அங்கத்தை ஒழுங்குவிதி சொல்லுது. ஒரு மனுசன் மாசா மாசம் இப்பிடி விழுந்துகொண்டிருக்கிறானெண்டு பாங்குக்குத் தெரிஞ்சும் உதவி செய்யாமல் வெட்டிக்கொண்டே இருந்திருந்தால் அதை முறைப்பாடா எழுதலாம். "என்ர சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, ஊருக்கு அனுப்புறது இவ்வளவு, இந்தக் கட்டணங்களால நான் இன்னும் தாண்டு போறன், திருப்பித் தாங்கோ" எண்டு. பாங்குக்கு 8 கிழமை அவகாசம். அதுக்குள்ள மறுமொழி இல்லாட்டில், அல்லது இல்லையெண்டு கடைசிப் பதில் வந்தால், அந்தப் பதில் வந்து 6 மாசத்துக்குள்ள நிதி ஒம்புட்ஸ்மனிட்ட, அதாவது பாங்குகளைப் பற்றின முறைப்பாட்டைப் பக்கஞ்சாராமல் விசாரிக்கிற அமைப்பிட்ட போகலாம். அது முழுக்க இலவசம், சட்டத்தரணி வேண்டாம், வீட்டில இருந்தே செய்யலாம். ஒம்புட்ஸ்மன் தாற முடிவை மகன் ஏற்றுக்கொண்டால் பாங்க் கட்டுப்படத்தான் வேணும், ஏற்காட்டில் கோட்டுக்குப் போற கதவு பூட்டுப்படாது. பொதுவா நடந்து 6 வருசத்துக்குள்ள, அல்லது முறைப்பாடு சொல்லக் காரணமிருக்கெண்டு தெரிஞ்சிருக்கவேண்டிய நாளில இருந்து 3 வருசத்துக்குள்ள போகவேணும். அதால 2014ல வெட்டினதைப் பற்றிப் பெரிசா நம்பிக்கை வைக்கவேண்டாம், கிட்டத்து வருசங்களைப் பிடிக்கச்சொல்லுங்கோ.

இன்னொண்டு, 2020 ஏப்ரல் 6ல இருந்து அங்க விதி மாறிப்போச்சு. கணக்கில காசு முடிஞ்சு மைனஸில போனால் நாளுக்கு இவ்வளவு, மாசத்துக்கு இவ்வளவு எண்டு தனிக் கட்டணம் எடுக்கேலாது, வருச வட்டி வீதமா மட்டும்தான் எடுக்கலாம், அனுமதி வாங்காமல் மைனஸில போனவனுக்கு அனுமதி வாங்கினவனை விடக் கூட எடுக்கேலாது, கட்டணம் திரும்பினதுக்கு எடுக்கிற காசும் உண்மையான செலவோட பொருந்தவேணும். (வட்டி வீதம் பிறகு கன பாங்கில 40 வீதத்துக்குக் கிட்டப் போனது, அது இன்னொரு துக்கம்.) அந்தத் திகதிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வெட்டையும் இந்த விதியோட வைச்சுப் பார்க்கச்சொல்லுங்கோ, பிழையா வெட்டினது ஒண்டு கிடைச்சாலும் அது தங்கம்.

அப்பிடி ஒரு தெளிவான பிழை, அதாவது ஒப்பந்தத்தில இல்லாத கட்டணம், ஒரே வெட்டு ரெண்டுதரம், பாங்கின்ட பிழையால திரும்பின கட்டணத்துக்குத் தண்டம், இப்பிடியொண்டு கையில இருந்தால் அப்ப சின்ன வழக்குப் பிரிவு நல்ல இடம். இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் 10,000 பவுண் வரைக்குமான வழக்கு அங்க போகும், ஒப்பந்த வழக்குக்கு 6 வருசக் காலக்கெடு. முதல்ல "14 நாளுக்குள்ள தராட்டில் வழக்குப் போடுவன்" எண்டு கடைசிக் கடிதம், பிறகு இணையத்திலயே படிவம் நிரப்பலாம். 300 பவுண் வரைக்குமான வழக்குக்குக் கோட்டுக் காசு 35 பவுண், 500க்கு மேல 1,000 வரைக்கும் 70, வருமானம் குறைஞ்ச ஆளெண்டால் அந்தக் காசைக் குறைக்கச்சொல்லித் தனியா விண்ணப்பம் இருக்கு. வருசத்துக்கு 8 வீத வட்டியும் சேர்த்துக் கேக்கலாம், தாறதும் விடுறதும் நீதவானின்ட கையில. 2024 மே மாசத்துக்குப் பிறகு போட்ட இப்படியான காசு வழக்குகளில பாங்க் எதிர்த்து வாதாடினால் வழக்கு நாளுக்கு முதல் ரெலிபோனில ஒரு மணித்தியால சமரசப் பேச்சு கட்டாயம், அதுக்குக் காசில்லை, கன காசு அந்த ஒரு மணித்தியாலத்திலயே தீரலாம், அதால கணக்கெழுதின கொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு அந்தக் கோலை எடுக்கச்சொல்லுங்கோ. தோத்தாலும் மற்றப் பக்கத்துச் சட்டத்தரணியின்ட பெரிய பில் பொதுவா இவன்ர தலையில விழாது, பிழையான முறையில நடந்தால் மட்டும்தான். ஸ்கொட்லாந்தில இருக்கிற பிள்ளையளுக்கு இது வேற, அங்க காலக்கெடு 5 வருசம், சின்ன வழக்கு 5,000 பவுண் வரைக்கும்.

"நாங்கள் எடுத்துத் தாறம், வந்தால் மட்டும் பங்கு தாங்கோ" எண்டு போன் எடுக்கிற கொம்பனிகளுக்கு வேண்டாமெண்டு சொல்லச்சொல்லுங்கோ. அவை செய்யிறதும் இந்தக் கடிதம் எழுதுறதுதான்.

கேள்வி: நான் லண்டனில மாணவ விசாவில இருக்கிறன், ஊர் மாங்குளம். பாங்கோட வழக்குப் போட்டால் விசாவுக்கோ கிறெடிற் பதிவுக்கோ பிழை வருமோ அக்கா?
– ஒரு தம்பி

பதில்: நீங்கள் காசு கேட்டுப் போடுற சிவில் வழக்கு குற்ற வழக்கு இல்லை தம்பி, நீங்கள் வழக்காளி, உங்கட கிறெடிற் பதிவில அது ஏறாது. உங்களுக்கெதிரா ஆராவது வழக்குப் போட்டு வெண்டு நீங்கள் கட்டாமல் விட்டால்தான் ஏறும். ஆனா ஒண்டை மறக்கவேண்டாம், முறைப்பாடு எழுத முதல் வேற பாங்கில ஒரு கணக்குத் திறந்து சம்பளத்தை அங்க மாத்துங்கோ. மைனஸில கிடக்கிற கணக்குக்கு வாற சம்பளத்தை பாங்க் தன்ர கடனுக்குக் கழிக்கலாம், பிறகு பஸ்ஸுக்கும் காசிராது. பெரிய பாங்குகள் அடிப்படைக் கணக்கெண்டு ஒண்டு வைச்சிருக்கவேணும், அதில ஓவர்ட்ராஃப்ற் (மைனஸில போக விடுற வசதி) இல்லை, கட்டணம் திரும்பினாலும் தண்டமில்லை. அந்தப் பேரைச் சொல்லியே கேளுங்கோ, தாங்களாச் சொல்லமாட்டினம்.

கேள்வி: லண்டன் கதை இருக்கட்டும் பிள்ளை. நான் ஓய்வூதியக்காரன். என்ர பாஸ் புத்தகத்தில ஒவ்வொரு மாசமும் 20, 50, வருசத்துக்கொருக்கா சில நூறு எண்டு ஏதேதோ குறியீட்டோட கழிஞ்சுகொண்டிருக்கு. கவுண்டரில கேட்டால் "அது சிஸ்டம் வெட்டுறது ஐயா" எண்டு சொல்லுறாங்கள். இதுக்கு இங்க ஒரு வழியும் இல்லையோ?
– ஒரு ஐயா, கண்டாவளை

பதில்: ஐயா, சிஸ்டம் எண்டு ஒரு ஆள் இல்லை. ஆரோ ஒரு ஆள் ஒரு கட்டணப் பட்டியலை வைச்சு சிஸ்டத்துக்குச் சொல்லிக் குடுத்ததைத்தான் அது வெட்டுது. அந்தப் பட்டியலைக் கேளுங்கோ.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன். சங்கத்தால நிண்ட பிறகு ஒரு நாள் பின்னேரம் விறாந்தையில இருந்து பழைய பாஸ் புத்தகத்தைத் தட்டிக்கொண்டிருந்தனான், பேரன்ர கலர்ப் பென்சில் கையில இருந்தது, தெரியாத வெட்டு ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஒரு சிவப்புப் புள்ளி போட்டன். அஞ்சு வருசத்தில அஞ்சு இடத்தில ஒரே குறியீடு, ஒவ்வொண்டும் 600 ரூபாய். காட்டுக்கான வருசக் கட்டணமாம். எனக்கு அந்தக் கணக்குக்குக் காட்டே இல்லை, விண்ணப்பிக்கவும் இல்லை, கடிதத்தில வரவும் இல்லை. அடுத்த நாள் போய்க் கேட்டன், அந்தப் பிள்ளை நல்லபிள்ளை, ஆனா அதுக்கும் தெரியாது, மனேஜரைக் காட்டிச்சுது, மனேஜர் சிரிச்சுக்கொண்டு "பார்ப்பம் அம்மா" எண்டார். மூண்டு மாசம் பார்த்தம். பிறகு ஒரு தாளில எழுதிக் குடுத்தன். பதினோராம் நாள் போன் வந்தது. 2,400 ரூபாய் திரும்பக் கணக்கில விழுந்தது, ஒரு வருசத்தை மட்டும் தரேல்ல, அதையும் விடாமல் இன்னொரு கடிதம் எழுதினன், அதுவும் வந்தது. வாயால கேட்டால் மூண்டு மாசம், எழுத்தில கேட்டால் பதினொரு நாள். அதில என்ன எழுதினனெண்டு கேட்டு எழுதின ஆக்களுக்காக இங்க குடுக்கிறன், கடிதமெண்டால் கடிதத் தமிழிலதான் எழுதவேணும்:

"எனது சேமிப்புக் கணக்கிலிருந்து கீழே குறிப்பிட்ட திகதிகளில் கட்டணங்கள் கழிக்கப்பட்டுள்ளன. இவை எந்தக் கட்டணப் பட்டியலின்படி, நான் கையொப்பமிட்ட எந்தப் பத்திரத்தின் கீழ் கழிக்கப்பட்டன என்பதை எழுத்து மூலம் அறியத்தரவும். அவ்வாறான பத்திரம் இல்லையெனில் மொத்தத் தொகையையும் 14 நாட்களுக்குள் எனது கணக்கில் மீளச் சேர்க்கவும்."

கீழ திகதியும் தொகையும் வரிசையா. அவ்வளவுதான். கோவப்பட்டு எழுதவேண்டாம், "ஏழையின் வயிற்றில் அடிக்கிறீர்கள்" எண்டெல்லாம் வேண்டாம், அது உண்மையெண்டாலும் அதுக்கு அவை பதில் எழுதத் தேவையில்லை, "எந்தப் பத்திரம்" எண்டதுக்குப் பதில் எழுதத்தான் வேணும்.

பாங்க் அசையேல்லையெண்டால் அடுத்தது மத்திய வங்கி. 2011ல மத்திய வங்கி எல்லா வங்கிகளுக்கும் வாடிக்கையாளர் சாசனம் எண்டு ஒண்டு போட்டது, கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லவேணும், முறைப்பாட்டை எடுத்து விசாரிக்கவேணும் எண்டு அதில இருக்கு, 2023ல நிதி நுகர்வோரைப் பாதுகாக்கிறதுக்கெண்டு இன்னும் இறுக்கமான ஒழுங்குவிதியும் வந்தது. மத்திய வங்கியில நிதி நுகர்வோருக்கெண்டு தனித் திணைக்களம் இருக்கு, 1935 எண்டு அடிச்சால் அதுதான். கிளிநொச்சியிலயே மத்திய வங்கியின்ட பிராந்திய அலுவலகம் இருக்கு ஐயா, கொழும்புக்குப் பஸ் ஏறத்தேவையில்லை, பரந்தனுக்கு வந்து பஸ் மாறினால் காணும். ஒண்டு, பாங்குக்குக் குடுத்த கடிதத்தின்ட கொப்பி இல்லாமல் போகவேண்டாம், முதல்ல பாங்கிட்டக் கேட்டியளோ எண்டுதான் கேப்பினம்.

இதைவிட நிதி ஒம்புட்ஸ்மன் எண்டு இங்கயும் ஒரு ஆள் இருக்கிறார், 2003ல தொடங்கின திட்டம், முறைப்பாட்டுக்குக் காசில்லை. ஒரு வித்தியாசம், லண்டனில சட்டத்தால வந்தது, இங்க நிதி நிறுவனங்கள் தாங்களாச் சேர்ந்து ஏற்றுக்கொண்டது. அரச பாங்கெண்டால் இன்னொரு கதவும் திறந்திருக்கு, 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "இந்தக் கட்டணத்தை விதிச்ச சுற்றறிக்கையின்ட பிரதி தாங்கோ" எண்டு அந்தச் சட்டத்தில கேட்டால் 14 வேலை நாளுக்குள்ள தாறமோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும்.

கோடு? 2022ல சிறு உரிமைக் கோரல் நீதிமன்ற நடைமுறைக்கெண்டு இங்கயும் சட்டம் நிறைவேறினது. ஆனா சின்னக் காசு வழக்கெண்டால் அதுக்கு முதல் மத்தியஸ்த சபை இருக்கு, 1988ம் ஆண்டு 72ம் இலக்கச் சட்டம், அங்க போய் இணக்கம் வரேல்ல எண்ட சான்றிதழ் இல்லாமல் கோடு அதை எடுக்காது. எங்கட சனத்துக்கு மத்தியஸ்த சபை எண்டால் ஒரு பயம், ஏனெண்டால் கடன் கட்டாட்டில் பாங்கும் லீசிங் கொம்பனியும் அங்கதான் கூப்பிடும், சனி ஞாயிறில பள்ளிக்கூட வாங்கில போய்க் குனிஞ்சுகொண்டு இருந்த பெண்டுகள் எத்தினை பேரை எனக்குத் தெரியும். அந்தச் சபை அவைக்கு மட்டும் கட்டினது இல்லை. அவை உங்களைக் கூப்பிடுற அதே சபைக்கு நீங்களும் அவையைக் கூப்பிடலாம். விண்ணப்பம் ஒரு தாள்தான்.

காலக்கெடுவை மட்டும் தவறவிடவேண்டாம். 1871ம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் நடைமுறையில இருக்கு, எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருசம், எழுத்தில இல்லாததுக்கு 3 வருசம். அதால 3 எண்டே மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

கேள்வி: கொழும்புத் தலைமையகம் உள்ள ஒரு பாங்கில என்ர மனுசன்ர பேரில கணக்கு இருந்தது. 2009ல எல்லாத்தோடயும் பாஸ் புத்தகமும் போட்டுது. அவரும் இண்டைவரைக்கும் இல்லை. போன வருசம் போய்க் கேட்டன், "கனகாலம் பாவிக்காத கணக்கு, காசு வெட்டி வெட்டி முடிஞ்சிருக்கும்" எண்டு சொன்னாங்கள். அதை அப்பிடியே விடுறதோ?
– ஒரு தங்கச்சி, புதுக்குடியிருப்பு

பதில்: விடவேண்டாம் தங்கச்சி. "முடிஞ்சிருக்கும்" எண்டது பதில் இல்லை. எவ்வளவு இருந்தது, எந்தத் திகதியில எவ்வளவு வெட்டினது, இப்ப எங்க இருக்கு எண்டு எழுத்தில கேளுங்கோ.

10 வருசம் ஒரு கொடுக்கல் வாங்கலும் நடக்காத கணக்கைக் கைவிடப்பட்ட சொத்தெண்டு எடுத்து, பாங்க் அந்தக் காசை மத்திய வங்கிக்கு மாத்தவேணும், வங்கிச் சட்டம் அப்பிடிச் சொல்லுது. மாத்தினால் காசு போட்டுது எண்டு அர்த்தமில்லை, உரித்துக்காரர் பிறகும் கேட்டு எடுக்கலாம், பாங்குக்குள்ளாலதான் விண்ணப்பிக்கவேணும். 2009ல இருந்து எண்ணினால் 2019லயே 10 வருசம் முடிஞ்சிட்டுது, அதால உங்கட மனுசன்ர காசு இப்ப மத்திய வங்கியில இருக்கலாம். கவுண்டரில இருக்கிற பொடியனுக்கு இது தெரியாமல் இருக்கலாம், அதை வைச்சு நீங்கள் திரும்பி வரவேண்டாம்.

பாஸ் புத்தகம் இல்லாட்டில் அவரின்ட அடையாள அட்டை இலக்கம், பழைய வேலை இடம், எந்தக் கிளை, கிட்டத்தட்ட எந்த வருசம் திறந்தது, ஆரும் வெளிநாட்டில இருந்து அந்தக் கணக்குக்குக் காசு அனுப்பியிருந்தால் அவையிட்ட உள்ள துண்டு, எது கிடைச்சாலும் சேருங்கோ. எத்தினை தரம் இடம்பெயர்ந்தனாங்கள், ஆரிட்ட என்ன கடதாசி மிஞ்சினது, ஆனாலும் சில வேளை ஒரு அண்ணன்ர சூட்கேசுக்குள்ள, ஒரு மாமியின்ட சாமித்தட்டுக்குக் கீழ ஒரு துண்டு கிடைக்கும், தேடிப்பாருங்கோ.

மற்றது, இதை எழுத எனக்கும் கை தயங்குது. மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் காசு தருவம் எண்டு சொல்லுவினம், நீங்கள் எடுக்கேல்ல, எடுக்க மனமும் இல்லையெண்டு உங்கட குரல் பதிவில சொன்னனீங்கள். அதுக்கு உங்களை ஒருத்தரும் வற்புறுத்தேலாது. 2016ல சட்டத்தைத் திருத்தி, ஆள் காணாமல் போயிருக்கிறார் எண்டு மட்டும் சொல்லுற தனிச் சான்றிதழ் ஒண்டு கொண்டுவந்தவை, காணப்படாமைச் சான்றிதழ் எண்டு கேளுங்கோ, பதிவாளர் நாயகம் திணைக்களம் தாறது. அதில இறந்தார் எண்டு ஒரு சொல்லும் இல்லை. அவரின்ட சொத்தைப் பராமரிக்கிற அலுவலுக்கு அதைக் காட்டலாம். பிரதேச செயலகத்தில இருக்கிற பதிவாளரிட்ட முதல்ல போங்கோ. பாங்க் அதை ஏற்கமாட்டமெண்டால் அதையும் எழுத்தில தரச்சொல்லி வாங்கிக்கொண்டு 1935க்கு எடுங்கோ. துணைக்கு ஆள் வேணுமெண்டால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கோ, நான் வாறன்.

கேள்வி: கடிதம் தமிழில எழுதினால் பாங்க் எடுக்குமோ? இங்கிலீசில எழுத ஆளில்லை.
– ஒரு வாசகி, முள்ளியவளை

பதில்: எடுக்கவேணும். தமிழும் இந்த நாட்டின்ட அரச கரும மொழி, வடக்கில நிர்வாகமும் கோடும் தமிழில. பாங்கிட்டயும் உங்களுக்கு விளங்கிற மொழியில பதில் தரச்சொல்லிக் கேளுங்கோ. கணக்குத் திறக்கேக்குள்ள சிங்களத்திலயோ இங்கிலீசிலயோ இருந்த படிவத்தில புள்ளடி போட்ட இடத்தில கையெழுத்து வைச்ச ஆக்கள்தான் எங்களில கனபேர், அந்தப் படிவத்தின்ட தமிழ்ப் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கோ.

கேள்வி: எங்கட கிளை மனேஜர் தெரிஞ்ச ஆள், கோயில் திருவிழாவுக்கெல்லாம் காசு தாறவர். கடிதம் குடுத்தால் கோவிப்பாரோ எண்டு யோசினையா இருக்கு.
– ஒரு தம்பி, ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, அவர் நல்ல மனுசனெண்டால் கோவிக்கமாட்டார். அவருக்கும் தலைமை அலுவலகத்துக்குக் காட்ட ஒரு கடதாசி இருந்தால் உங்களுக்குச் செய்து தாறது லேசு, வாயால சொன்னதை வைச்சு அவராலயும் காசு திருப்பேலாது. ரெண்டு பிரதி எழுதுங்கோ, காலமை பத்து மணிக்கு முதல் போங்கோ, வணக்கம் சொல்லி ஒண்டை அவரின்ட கையில குடுங்கோ, மற்றதில பாங்கின்ட ஸ்டாம்ப் அடிச்சு திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கோ. ஸ்டாம்ப் அடிக்க ஆளில்லை, பிறகு வாங்கோ எண்டால் அப்பிடியே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில போட்டு, துண்டைப் பாஸ் புத்தகத்துக்குள்ள வைச்சுக்கொள்ளுங்கோ.